பழைய பேஸ்பால் புகைப்படங்கள்: முதலில் பின்பக்கம்

பழைய பேஸ்பால் புகைப்படம் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். முன்பக்கத்தில் இருப்பவர் யார் என்பது பெரும்பாலும் ஏலப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். அந்தத் தாள் எப்போது அச்சிடப்பட்டது, யாருடைய இருட்டறையிலிருந்து வந்தது, எத்தனை மேசைகளைக் கடந்தது என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும். அமெரிக்காவுக்குக் குடிவந்த பிறகு, கிரிக்கெட் இல்லாத கோடைக்காலங்களில் பேஸ்பால் பார்க்கப் பழகி, அந்த ஆட்டத்தின் பழைய படங்களைத் தேடத் தொடங்கிய எனக்கு இன்று ஆட்டத்தைவிட இந்தப் படங்களே நெருக்கமாகிவிட்டன.

என்னிடம் இருக்கும் ஒரு படத்தைச் சொன்னால் நான் சொல்வது விளங்கும். 8க்கு 10 அங்குல அளவுள்ள, பளபளப்பான கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் அது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ஜிம்மி ஃபாக்ஸ், 1938ஆம் ஆண்டின் வசந்தகாலப் பயிற்சியின்போது ஃப்ளோரிடாவின் சரசோட்டாவில் மட்டையைத் தோளில் சாய்த்து நிற்கிறார். புஜம் தெரிய வேண்டும் என்றே சட்டைக் கைகளை வெட்டிக் குட்டையாக்கிக்கொண்டவர் அவர் என்பதால், பார்ப்பவரின் கண் நேராக அந்தக் கைகளுக்குத்தான் போகிறது. அவருடைய தலையைச் சுற்றிப் பத்திரிகை ஓவியர் ஒருவர் வெள்ளை வண்ணம் தீட்டி, பின்னால் நின்றிருந்த யாரோ ஒருவரை மறைத்திருக்கிறார். ஓரங்களில் மெழுகுப் பென்சில் கோடுகள் இருக்கின்றன. படத்தின் எந்தப் பகுதி அச்சுக்குப் போக வேண்டும் என்பதற்கான குறி அது. திருப்பினால், ஆக்மி நியூஸ்பிக்சர்ஸ் நிறுவனத்தின் முத்திரை; அதன் கீழே பழுப்பேறி, ஒரு மூலை உதிர்ந்துபோன தட்டச்சுக் குறிப்புச் சீட்டு; எத்தனை பத்தி அகலம் என்று சிவப்புப் பென்சிலில் எழுதிய எண்; அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பத்திரிகை அலுவலகம் குத்திய தேதி முத்திரைகள். முதல் தேதி 1938. அந்த ஆண்டு ஃபாக்ஸ் 50 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடிகள்) அடித்து, இரண்டு பெரிய லீகுகளுள் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்தது 1951 ஜனவரி. கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழரங்கத்துக்கு அவர் தேர்வான மாதம். கடைசித் தேதி 1967 ஜூலை. அவர் இறந்த மாதம். ஒரே தாள், அந்த மனிதருடைய வாழ்க்கையில் ஏதாவது நடந்தபோதெல்லாம் அலமாரியிலிருந்து வெளியே வந்து, அச்சுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது.

இத்தகைய பிரிண்டுகள் யாரும் சேர்த்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நாளைக் காலைப் பத்திரிகைக்காகச் செய்யப்பட்டு, அடுத்த தேவை வரும்வரை கோப்பில் கிடந்த வேலைப் பொருட்கள் அவை. அதனால் அவற்றின் மேல் இருக்கும் வண்ணப்பூச்சும் கோடுகளும் கிறுக்கல்களும் கறைகளல்ல, அந்த வேலையின் தடயங்கள் என்பது என் உறுதியான கருத்து. சில வணிகர்கள் ஈரப்பஞ்சால் வெள்ளை வண்ணத்தைத் துடைத்தும், நைந்த ஓரங்களை வெட்டியும், குறிப்புச் சீட்டைப் பிய்த்தும் படத்தை ‘சுத்தமாக்கி’ விற்கிறார்கள். அப்படிச் செய்தபின் மிஞ்சுவது ஒரு முகம் மட்டுமே. அந்த முகத்தை இணையத்தில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

பேஸ்பாலும் புகைப்படக் கலையும் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை. 1865இல் புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணியை சார்லஸ் வில்லியம்சன் எடுத்த குழுப்படம், விசிட்டிங் கார்டு அளவுள்ள அட்டையில் ஒட்டப்பட்ட ஆல்புமென் பிரிண்ட். அதாவது முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் எடுத்த அச்சு. அதன் ஒரு பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. மேய்ன் மாநிலத்தில் பழம்பொருட்களோடு பொருளாகக் கிடைத்த இன்னொரு பிரதி 2013இல் 92,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தக் காலத்து ஒளிப்பதிவுத் தகடுகளுக்கு ஓடும் மனிதரைப் பிடிக்கும் வேகம் கிடையாது என்பதால், ஆட்டக்காரர்கள் ஸ்டுடியோவுக்கு வந்து, வரைந்த திரைக்கு முன்னால் ஆடுவதுபோல அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. 1880களின் பிற்பகுதியில் ‘ஓல்ட் ஜட்ஜ்’ சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுக்கப்பட்ட சிறு புகைப்பட அட்டைகளில், பந்தைப் பிடிக்கக் கை நீட்டி நிற்பவருக்கு எதிரே அந்தப் பந்து நூலில் தொங்குவதை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் தெளிவாகக் காணலாம். அந்த நூலைக் காணும்போதெல்லாம், அதைக் கட்டித் தொங்கவிட்ட ஸ்டுடியோ உதவியாளரின் அக்கறைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஸ்டுடியோவிலிருந்து படம் மைதானத்துக்கு நகர்ந்த கதையில் நான் மிகவும் மதிப்பவர் சார்லஸ் கான்லன். அவர் தொழிலால் புகைப்படக்காரர் அல்ல. நியூயார்க்கில் ஈவினிங் டெலிகிராம் பத்திரிகையில் பிழை திருத்துபவராக இருந்தார். ஸ்பால்டிங் நிறுவனத்தின் வருடாந்தர பேஸ்பால் வழிகாட்டிக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஃபாஸ்டர் கொடுத்த ஊக்கத்தால், 1904இல் கிராஃப்ளெக்ஸ் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகத் தொடங்கினார்; 1942 வரை அதை விடவில்லை. அவருக்கு வீரர்களின் முகம் மட்டும் போதவில்லை. பந்தெறிபவர்களின் விரல்கள் பந்தின் தையலை எப்படிப் பற்றுகின்றன என்று கையை மட்டும் எடுத்தார். சில ஆட்டக்காரர்களின் கண்களை மட்டும் எடுத்தார். எழுத்துப் பிழைகளைத் தேடியே பழகிய கண் அல்லவா, சிறு விவரம் எதையும் அது விட்டுவைக்கவில்லை.

கான்லனின் மிகப் புகழ்பெற்ற படம், டெட்ராய்ட் அணியின் டை காப் நியூயார்க்கின் ஹில்டாப் பார்க் மைதானத்தில், ஓடுபவர் ஹோமுக்குத் திரும்பும் முன் தொட வேண்டிய கடைசி இடமான மூன்றாவது பேஸை நோக்கிச் சறுக்கி வரும் படம். அன்றைய புகைப்படக்காரர்கள் மைதானத்துக்கு உள்ளேயே, ஆட்டக்காரர்களுக்குச் சில அடி தூரத்தில் நிற்க அனுமதிக்கப்பட்டார்கள். கான்லன் மூன்றாவது பேஸ் அருகில் நின்றிருந்தார். காப் பற்களைக் கடித்துக்கொண்டு மண் சிதறப் பாய்ந்து வருகிறார். பேஸைக் காக்கும் ஜிம்மி ஆஸ்டின் நிலைகுலைந்து காற்றில் இருக்கிறார். தன் நண்பரான ஆஸ்டினுக்கு அடிபட்டுவிட்டதோ என்ற பதற்றத்தில், பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்பதே தமக்குத் தெரியவில்லை என்றும், எதற்கும் இருக்கட்டும் என்று தகட்டை மாற்றி வைத்ததாகவும், பிறகு தகடுகளைக் கழுவியபோதுதான் அந்தப் படம் விழுந்திருப்பதைக் கண்டதாகவும் கான்லன் பின்னாளில் சொன்னார். அந்தப் படம் நெடுங்காலம் 1909 என்ற ஆண்டோடு அச்சிடப்பட்டு வந்தது. அது 1910 ஜூலையில் எடுக்கப்பட்டது என்பது பிற்கால ஆய்வில் தெளிவானது. இவ்வளவு பெயர் பெற்ற படத்துக்கே ஆண்டு தவறியிருக்கிறது என்றால், பெயர் தெரியாத படங்களின் குறிப்புகளை எவ்வளவு எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கான்லன் தம் பிரிண்டுகளின் பின்பக்கத்தில் பல சமயம் தம் கையாலேயே பெயர்களை எழுதினார். அந்தக் கையெழுத்தை அடையாளம் காணத் தெரிந்துகொள்வது இந்தச் சேகரிப்பில் கிடைக்கும் பெரிய மகிழ்ச்சிகளுள் ஒன்று. அவருடைய நெகட்டிவ்களில் எஞ்சியவை பல்லாண்டுகள் ‘தி ஸ்போர்ட்டிங் நியூஸ்’ பத்திரிகையிடம் இருந்து, பிறகு கைமாறி, 2016இல் ஏறத்தாழ 17.9 லட்சம் டாலருக்கு ஒரே தொகுப்பாக ஏலம் போயின.

அதே காலத்தில் பாஸ்டனில் கார்ல் ஹார்னர் தம் ஸ்டுடியோவில் ஆட்டக்காரர்களின் மார்பளவுப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னரை அவர் எடுத்த படத்தை வைத்துத்தான், 1909க்கும் 1911க்கும் இடையில் வெளிவந்த புகழ்பெற்ற சிகரெட் அட்டை வரையப்பட்டது. அந்த அட்டையின் பிரதி ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அட்டை என்பது அந்தப் புகைப்படத்தைப் பார்த்துக் கல்லச்சில் வண்ணம் ஏற்றிய நகல்; மூலப் புகைப்படத்தில் வாக்னரின் முகத்தில் இருக்கும் கரடுமுரடான உயிர்ப்பு அட்டையில் வழுவழுப்பாகிவிட்டது. அட்டைக்கு இருக்கும் ஆரவாரம் ஹார்னரின் பிரிண்டுகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆதங்கம்தான்.

ஜார்ஜ் கிரந்தம் பெய்னின் செய்திப்பட நிறுவனத்தையும் சொல்ல வேண்டும். 1898இல் தொடங்கிய அவர், நாடெங்கும் உள்ள பத்திரிகைகளுக்குப் படங்களைத் தபாலில் அனுப்பினார். அவர்களுடைய கண்ணாடி நெகட்டிவ்களின் ஓரத்தில் ஆட்டக்காரரின் பெயரைக் கையால் எழுதிவிடுவார்கள். அது பிரிண்டிலும் வெள்ளை எழுத்தாக விழும், சில சமயம் எழுத்துப் பிழையோடு. நாடாளுமன்ற நூலகம் 1948இல் வாங்கிய அந்தத் தொகுப்பு இப்போது இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. படங்களைச் சேர்க்க விரும்பும் புதியவர் ஒருவர், ஒரு டாலர்கூடச் செலவழிப்பதற்கு முன்னால், அந்தத் தொகுப்பைச் சில மாதங்கள் நிதானமாகப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

1910களுக்குப் பிறகு இந்தத் துறையில் அண்டர்வுட், இன்டர்நேஷனல், வைட் வேர்ல்டு, ஆக்மி என்று பல நிறுவனங்கள் இயங்கின. ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது, எப்போது கைமாறியது என்று தெரிந்தால் முத்திரையைக் கொண்டே படத்தின் காலத்தைக் குறுக்கிவிடலாம். எடுத்துக்காட்டாக, ஆக்மியை யுனைடெட் பிரஸ் 1952இல் எடுத்துக்கொண்டது. 1958இல் யுனைடெட் பிரஸ், ஹர்ஸ்ட் குழுமத்தின் செய்தி நிறுவனத்தோடு இணைந்து யு.பி.ஐ. ஆனது. ஆகவே 1932இன் படம் என்று விற்கப்படும் ஒரு பிரிண்டின் பின்னால் யு.பி.ஐ. முத்திரை மட்டும் இருந்தால், நெகட்டிவ் 1932ஆக இருக்கலாம், அந்தத் தாள் அந்தக் காலத்தது அல்ல என்ற சந்தேகம் உடனே எழ வேண்டும்.

1935 ஜனவரி 1 அன்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியாகப் படங்களை அனுப்பும் சேவையைத் தொடங்கியபோது இன்னொரு வகைப் பிரிண்ட் பிறந்தது. அனுப்பும் முனையில் படத்தை உருளையில் சுற்றி, ஒளிக்கற்றையால் வரி வரியாக வருடுவார்கள். படத்தின் கருமையும் வெண்மையும் மின்குறிகளாக மாறிக் கம்பியில் போகும். பெறும் முனையில் அதே வேகத்தில் சுழலும் உருளையில் அவை மீண்டும் ஒளியாக மாறிப் பதிவாகும். தபால் ரயிலுக்குக் காத்திருந்த படம் அன்று மாலையே மறுகரைப் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது. இப்படி வந்த படங்களில் குறிப்பு பின்னால் ஒட்டிய சீட்டில் இருக்காது. படத்தின் ஓரத்திலேயே, படத்தோடு சேர்ந்து வந்திருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் அந்த வருடல் வரிகள் தெரியும்.

இந்த வேறுபாடுகளை முறைப்படுத்தி, மார்ஷல் ஃபோகல், ஹென்றி யீ முதலிய சேகரிப்பாளர்கள் வகுத்த நான்கு வகைகள்தான் இன்று சந்தையை நடத்துகின்றன. மூல நெகட்டிவிலிருந்து, படம் எடுத்த ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குள் எடுத்த பிரிண்ட் டைப் 1. அதே நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் எடுத்தது டைப் 2. நகல் நெகட்டிவிலிருந்தோ கம்பி வழியாகவோ அதே காலத்தில் வந்தது டைப் 3. நகலிலிருந்து பிற்காலத்தில் எடுத்தது டைப் 4. இந்த வேறுபாட்டுக்கு நாட் ஃபைன் எடுத்த படம் நல்ல உதாரணம். 1948 ஜூன் 13 அன்று யாங்கி ஸ்டேடியத்தில், நியூயார்க் யாங்கீஸ் அணியின் மாபெரும் நட்சத்திரமான பேப் ரூத்தின் 3ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்த (அந்த எண்ணை அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்த) விழாவில், மற்றவர்கள் எல்லாரும் முன்னால் நின்று நோயுற்ற அந்த முகத்தை எடுத்துக்கொண்டிருக்க, நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் பத்திரிகையின் ஃபைன் பின்னால் போய், மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கும் ரூத்தின் முதுகையும் அந்த எண்ணையும் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தார். இரண்டு மாதங்களில் ரூத் இறந்துபோனார். 1949இல் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஃபைன் பிற்காலத்தில் அதே படத்தைப் பலமுறை பிரிண்ட் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். அவை நேர்மையான, அழகான பிரிண்டுகள். ஆனால் 1948இல் இருட்டறையிலிருந்து ஈரத்தோடு எடுத்து அச்சுக்கூடத்துக்கு அனுப்பிய பிரிண்ட் வேறு.

இரண்டு ஆண்டு என்ற வரம்பு வசதிக்காக வைத்துக்கொண்டது என்பதைச் சேகரிப்பாளர்கள் மறந்துவிடக் கூடாது. டைப் 1 அல்லாத எதையும் தொட மறுப்பவர்களைப் பார்க்கிறேன். கம்பி வழியாக வந்த ஒரு டைப் 3 படம் துலக்கத்தில் குறைவுதான். ஆனாலும் ஒரு சிற்றூர்ப் பத்திரிகையின் ஆசிரியர், பேஸ்பாலின் ஆண்டு இறுதிச் சாம்பியன் போட்டியான உலகத் தொடரின் முடிவை அன்றிரவு எந்தத் தாளில் பார்த்தாரோ, அந்தத் தாள் அது. அதை இரண்டாந்தரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது, பணத்துக்கும் அது எட்டுகிறது.

தாளைச் சோதிக்கும் வழிகள் சில உண்டு. 1950களிலிருந்து புகைப்படத் தாள்களில் வெண்மையூட்டும் வேதிப்பொருட்கள் சேர்க்கப்பட்டன. இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் அத்தகைய தாள் நீல வெண்மையாகப் பிரகாசிக்கும், அதற்கு முந்தைய தாள் மங்கலாகவே இருக்கும். பேப் ரூத் யாங்கீஸ் சட்டையில் இருக்கும் ‘அந்தக் காலத்து’ பிரிண்ட் விளக்கொளியில் பளீரென்று ஒளிர்ந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. பழைய வெள்ளி ஜெலட்டின் பிரிண்டுகளைச் சாய்த்துப் பிடித்தால், கருமையான பகுதிகளில் உலோகம் போன்ற மினுமினுப்பு எழும். படத்தில் உள்ள வெள்ளி காலப்போக்கில் மேற்பரப்புக்கு வருவதால் உண்டாகும் அது, வயதின் நல்ல அறிகுறி. உருப்பெருக்கியில் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது புகைப்படமே அல்ல, பத்திரிகையிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ வெட்டிய அச்சுப் பக்கம். ஆனால் எந்த ஒரு சோதனையும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. மங்கலாக இருக்கும் எல்லாத் தாளும் பழையதல்ல.

படத்தின் காலத்தைச் சட்டையை வைத்துக் கணிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. முதுகில் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1929இல் யாங்கீஸும் கிளீவ்லாந்தும் தொடங்கிவைத்த பழக்கம் அது. யாங்கீஸ் மட்டை பிடிக்கும் வரிசைப்படியே எண் கொடுத்தார்கள். மூன்றாவதாக வரும் ரூத்துக்கு 3, அடுத்து வரும் லூ கெரிக்குக்கு 4. இடது தோள்பட்டையில் பேஸ்பால் நூற்றாண்டு வில்லை தைத்திருந்தால் ஆண்டு 1939. கவசம் போன்ற உடல்நல இயக்கச் சின்னம் இருந்தால் 1942. பின்னணியில் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானத்தின் செங்கல் மதில் கொடி படராமல் வெறுமையாக இருந்தால் அது 1937க்கு முன்னால். அந்த ஆண்டில்தான் அங்கே கொடி நட்டார்கள். ஒரு மேஜை விளக்கு, ஓர் உருப்பெருக்கி, கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கும் சீருடைப் பதிவுகள், இவை மூன்றும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதே தெரியாது.

பத்திரிகை அலுவலகங்களின் அலமாரிகளில் பூட்டிக் கிடந்த இந்தப் பிரிண்டுகள் சாதாரண மனிதர்களின் கைக்கு எப்படி வந்தன என்றால், பத்திரிகைத் தொழில் நொடித்ததால்தான். விளம்பர வருவாய் சரிந்து, கட்டடங்களை விற்று, அலுவலகங்களைச் சுருக்கிய பத்திரிகைகள், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் தம் படக் கோப்புகளை மொத்தமாக விற்றன. படங்களை எண்மமாக்கித் தருகிறேன், அதற்கு ஈடாகத் தாள்களை எனக்குத் தாருங்கள் என்று ஒப்பந்தம் போட்டுப் பல பெரிய பத்திரிகைகளின் கோப்புகளைச் சேர்த்த அர்கன்சா மாநில வணிகர் ஒருவர், மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2017இல் 12 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். தலைமுறைகளாக ஒரே கூரையின் கீழ், அகர வரிசையில் இருந்த கோப்புகள் தனித்தனித் தாள்களாகச் சிதறின. அந்தச் சிதறலால்தான் எனக்குப் படங்கள் கிடைக்கின்றன என்பது தெரிந்தே சொல்கிறேன், அவை அந்தந்த ஊர் நூலகங்களுக்குப் போயிருந்தால் நான் அதிகம் மகிழ்ந்திருப்பேன்.

நூலகங்களிலிருந்தும் படங்கள் போயிருக்கின்றன என்பது இன்னும் கசப்பான உண்மை. பாஸ்டனில் மைக்கேல் மெக்கிரீவி என்பவர் மதுக்கடை நடத்தினார். வீட்டுக்குப் போகும் வழியில் கடைசி நிறுத்தம் என்பதால் கடைக்கு ‘தேர்ட் பேஸ்’ என்று பெயர் வைத்து, சுவரெல்லாம் பேஸ்பால் படங்களாக மாட்டியிருந்தார். மதுவிலக்கு வந்து கடை மூடியபின் அந்தப் படங்களை பாஸ்டன் பொது நூலகத்துக்குக் கொடுத்தார். நியூயார்க் பொது நூலகத்துக்கு ஆல்பர்ட் ஸ்பால்டிங்கின் பெரும் தொகுப்பு 1921இல் வந்தது. இரண்டு இடங்களிலிருந்தும் 1970களிலும் அதையொட்டியும் ஏராளமான படங்கள் திருடப்பட்டன. அவற்றுள் சில பின்னாளில் ஏலப் பட்டியல்களில் தலைகாட்டின. ஆகவே 19ஆம் நூற்றாண்டு அட்டைப்படம் ஒன்றின் பின்னால் முத்திரையைச் சுரண்டிய தழும்போ, அழித்த பென்சில் எண்ணோ தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் விலகிவிடுவேன். யாரிடமிருந்து வந்தது என்று கேட்பதற்கு விற்பவர் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பே போதுமான பதில்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 1919 உலகத் தொடரில் பணத்துக்காக வேண்டுமென்றே தோற்றதாக எழுந்த ஊழலால் ஆட்டத்திலிருந்தே விலக்கப்பட்ட ஜோ ஜாக்சன், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1911இல் ஃபிராங்க் ஸ்மித் எடுத்த தம் படத்தில் அவர் சிரமப்பட்டு வரைந்த கையெழுத்து இருந்ததால், அது 2021இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 14.7 லட்சம் டாலருக்குப் போனது. அது வேறு உலகம். ரூத், காப், கெரிக், மேன்டில் என்ற பெயர்களை விட்டு விலகினால், நல்ல கண்ணுடைய புகைப்படக்காரர் எடுத்த அருமையான பிரிண்டுகள், குடும்பத்தோடு வெளியே சாப்பிடும் ஒரு வேளைச் செலவுக்குக் கிடைக்கின்றன. நடுவரோடு வாக்குவாதம் செய்யும் மேலாளர், மழையில் மைதானத்துக்குத் தார்ப்பாய் இழுக்கும் பணியாளர்கள், ஒரே ஆண்டு ஆடிவிட்டு ஊர் திரும்பிய பந்தெறிபவர்: நான் தேடுவது பெரும்பாலும் இவர்களைத்தான்.

வாங்கியதைக் காப்பது கடினமில்லை. பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துப் படத்தில் ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டையும் போதும். ஈரப்பதம்தான் எதிரி, ஜெலட்டின் ஊறிப்போனால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் நிலவறையிலும் பரணிலும் வைக்கக் கூடாது. குறிப்பு எழுத வேண்டுமானால் உறையில் எழுத வேண்டும், அதுவும் படத்தை உள்ளே வைப்பதற்கு முன்னால். படத்தின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு கோடுகூட நாம் சேர்க்கலாகாது.

என் சேகரிப்பில் மிகவும் குறைவாக இருப்பவை நீக்ரோ லீக் படங்கள். என் சேகரிப்பில் மட்டுமல்ல, எல்லோரிடமும் அப்படித்தான். 1947 ஏப்ரலில் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் பெரிய லீகின் புரூக்ளின் அணிக்கு ஆட வரும்வரை, கறுப்பின ஆட்டக்காரர்கள் தனி லீகுகளில்தான் ஆட முடிந்தது. பெரிய செய்திப்பட நிறுவனங்கள் அந்த ஆட்டங்களுக்குப் புகைப்படக்காரர்களை அனுப்பியது அரிது. அந்தத் தனி லீகுகளின் நட்சத்திரமான ஜாஷ் கிப்சனின் புள்ளிவிவரங்கள் 2024இல் பெரிய லீகுகளின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, .372 என்ற மட்டைச் சராசரியோடு அவர் டை காபை முந்தி முதலிடத்துக்கு வந்தார். ஆனால் காபின் ஆட்டத்தை எடுத்த படங்களின் எண்ணிக்கையோடு கிப்சனின் ஆட்டப் படங்களை வைத்துப் பார்த்தால் அந்தப் புறக்கணிப்பின் அளவு கண்ணுக்கே தெரியும். பட்டியலைத் திருத்த முடிந்தது; எடுக்காமல் விட்ட படத்தை எப்படித் திருத்துவது? அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தவர்கள் கறுப்பினப் பத்திரிகைகளின் புகைப்படக்காரர்கள். பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகைக்காக சார்லஸ் ‘டீனி’ ஹாரிஸ் தம் நகரத்துக் கறுப்பின மக்களின் வாழ்க்கையையும் ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணிகளையும் பல்லாண்டுகள் எடுத்தார். அவருடைய ஏறத்தாழ 80,000 நெகட்டிவ்கள் கார்னகி கலை அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன.

இந்தப் படங்களுக்குச் செய்திப்பட நிறுவன முத்திரையோ குறிப்புச் சீட்டோ இருக்காது. பல, குடும்ப ஆல்பங்களிலிருந்து வந்தவை. என்னிடம் உள்ள ஒன்றில், கம்பளிச் சீருடையில், முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போன்றவர்) இருக்கிறார். பின்னால் பென்சிலில் ஆல்பத்தின் பக்க எண் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. பார்வையாளர் மாடத்தின் இரும்புத் தூண்களும் வளைவும் பிட்ஸ்பர்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டோடு ஒத்துப்போகின்றன. கிரேஸ் அணி அங்கே ஆடியது உண்டு. தாள் புற ஊதா விளக்கில் ஒளிரவில்லை. சட்டையின் மார்பு எழுத்துகள் பாதி மடிப்பில் மறைந்திருப்பதால், அந்த எழுத்து வடிவத்தை ஹாரிஸின் படங்களில் தெரியும் சீருடைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வருகிறேன். 1930களின் சட்டைகளைப் பார்த்து முடித்துவிட்டேன், எதுவும் பொருந்தவில்லை. அடுத்து 1940களின் சட்டைகளைப் பார்க்க வேண்டும்.